ஊமத்தைப் புகையும் நெல்லிக்கனியும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று இரவு அந்தப் படிகளுக்கெல்லாம் பூசை நடக்கும். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளைக்காரத் துரைமார்களைப் பழமும் மாலையுமாகக் கண்டுவந்த வழக்கத்தை மாற்றி, தணிகைமலைத் துரையைக் காண மக்களை அழைத்துச் சென்ற வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருவிழா அது. படிக்கொரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி, மேலே செல்வார்கள்.

மார்கழிப் பனி, கற்பூரப் புகை, மலையேற்றம் ஆகிய மூன்றுமே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதவை. என் தகப்பனார் இரைப்பு நோயாளி. ஓர் ஆண்டு அவர் பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மார்பிலிருந்து சீழ்க்கை போன்ற ஓசை வந்தது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். நெல்லிக்காய் லேகியம் கொடுங்கள் என்றார் ஒருவர். பக்கத்தில் நின்ற முதியவர், 'உசிரிகாய' என்று அதையே தெலுங்கில் ஆமோதித்தார். 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த ஊர் அல்லவா, மருந்துக்கும் இங்கே இரண்டு பெயர்கள் உண்டு. ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தால் உடனே கேட்கும் என்றார் ஒரு பாட்டி. அப்பாவின் இன்ஹேலர் வீட்டில் இருந்தது. 'பழகிவிட்டால் பிறகு விடமுடியாது' என்று யாரோ சொன்னதை நம்பி அதை அவர் எடுத்து வரவில்லை.

அவரைக் கீழே இறக்கி, மருத்துவமனையில் மூச்சுக்குழாய் விரியப் புகைமருந்து பிடித்த பிறகே மூச்சு சீரானது. அந்த இரவு கேட்ட இரண்டு மூலிகைகளின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். இரண்டுக்குமே பழைய சென்னை ராஜதானியோடு நெருங்கிய உறவு இருப்பது வியப்பாக இருந்தது.

முதலில் ஊமத்தை. சிவபெருமான் பிறையோடு சேர்த்துச் சூடும் மத்தமலர் என்று தேவாரம் பாடுவது இதைத்தான். பைத்தியம் பிடிக்கச் செய்யும் நஞ்சு என்று அஞ்சி ஒதுக்கவும்பட்டது. அந்நாளில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்க முயன்றவரும் அவரே. இந்நாட்டு மக்கள் இரைப்புக்கு ஊமத்தையைப் புகைப்பதை அறிந்த அவர், 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவருக்கு அம்முறையைச் சொல்லிக் கொடுத்தார். ஜென்ட் வழியாக அது பிரிட்டனைச் சென்றடைந்தது. அங்கே இந்திய ஊமத்தை அரிது என்பதால், அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியை மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். சில பத்தாண்டுகளில் ஆஸ்துமா சிகரெட் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் மூடிய அறைக்குள் இத்தகைய மருந்துப் பொடிகளைக் கொளுத்திப் புகை பிடித்துக் கொண்டே எழுதினார்.

ஆண்டர்சன் 1809-இல் காலமானார். சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவருக்கு முன்பே அந்தப் புகையை அறிந்திருந்த வைத்தியர்களுக்குச் சிலையும் இல்லை, பெயரும் இல்லை. ஆயினும் அவர்களது அறிவு அழிந்துபோகவில்லை. ஊமத்தை இனச் செடிகளில் உள்ள அட்ரோபின் என்னும் காரப்பொருள் 1830-களில் பிரித்தெடுக்கப்பட்டது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகளை இறுகச் செய்யும் நரம்புச் செய்தியை அது தடுக்கிறது. அதனால் குழாய் விரிகிறது. ஆனால் நாவறட்சி, படபடப்பு, பிதற்றல் ஆகியவற்றையும் அதுவே உண்டாக்குகிறது. அளவு சற்று மீறினால் உயிரையே பறிக்கும். ஒரு இலையில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. அந்தப் பாட்டி சொன்னது பொய்யன்று. ஆனால் அதைச் செய்து பார்ப்பது ஆபத்து.

வேதியியலாளர்கள் அட்ரோபினின் அமைப்பைச் சற்றே மாற்றி, மூளைக்குள் எளிதில் புகாத இப்ராட்ரோபியத்தை உருவாக்கினார்கள். 1970-களில் அது புழக்கத்துக்கு வந்தது. அதன் வழியில் வந்த டியோட்ரோபியம் ஆஸ்துமாவுக்கும் உரியதென்று 2015-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. மருந்தை வயிற்றுக்கு அனுப்பாமல் நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்பவேண்டும் என்பதுதான் ஊமத்தைப் புகையின் சாரம். 1956-இல் வந்த, அளந்து பீய்ச்சும் இன்ஹேலரும் அதே கருத்தைத்தான் புகையில்லாமல் நிறைவேற்றியது. அப்பா வீட்டில் விட்டுவந்த அந்தச் சிறு குப்பி நம் மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது.

நெல்லியின் கதை வேறு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயால் ஈறு கரைந்து வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்தார்கள். அப்பழங்களில் இருந்தது வைட்டமின் சி என்று தெளிய இருபதாம் நூற்றாண்டின் 1930-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் அந்த ஆராய்ச்சிக்குக் களமாக இருந்தது குன்னூர். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அவருக்குப்பின் வந்த ஆய்க்ராய்டின் காலத்தில், 1937-இல், இந்திய உணவுகளின் சத்து அட்டவணை அங்கிருந்து வெளியாயிற்று. 1939-40-இல் ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வி பரவியபோது அதைத் தீர்த்தது நெல்லிக்காய். அந்த ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று அதன் பழைய அட்டவணை சொல்லிற்று. 2017-இல் வந்த புதிய அட்டவணையின் அளவு அதில் பாதிக்கும் குறைவு. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் 80 மில்லிகிராமுக்கு ஓரிரு காய்கள் போதும். புண் ஆறவும், ஈறு உறுதிப்படவும், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேரவும் அது வேண்டும்.

இரைப்பை அது தீர்க்குமா? நுரையீரலின் உட்படலத்தில் வைட்டமின் சி இருப்பது உண்மை. ஆகவே கேள்வி நியாயமானது. 1970-இல் லைனஸ் பாலிங் ஜலதோஷத்துக்கு அதை மிகுதியாகப் பரிந்துரைத்து எழுதிய நூலுக்குப் பின் இத்தகைய நம்பிக்கைகள் உலகெங்கும் பெருகின. 11 ஆய்வுகளில் பங்குகொண்ட 419 பேரின் விவரங்களை 2013-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. உடலுழைப்பால் வரும் மூச்சிறைப்பில் மட்டும் சிறு பயனுக்கு அறிகுறி தெரிந்தது; அதுவும் மிகச் சிலரிடம் செய்த சோதனையில். ஆஸ்துமாவுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு.

இதனிடையே ஆஸ்துமாவைப் பற்றிய புரிதலே மாறிவிட்டது. அது குழாய் சுருங்குவது மட்டுமன்று. குழாயின் உள்ளே நீங்காதிருக்கும் அழற்சி. 1972-இல் வந்த, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிக்கிறது. குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டி அறிவுறுத்தியது. கடுமையான நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குறிவைக்கும் ஊசிமருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றான பென்ராலிசுமாப், திடீரென நோய் முற்றும் வேளையிலும் ஸ்டீராய்டு மாத்திரையைவிட நன்கு உதவியதென்று 158 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. விலைதான் நம்மவர்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஊமத்தை சோதனைக்கு உள்ளாகி, நஞ்சு நீங்கி, மருந்தாகத் திரும்பி வந்தது. நெல்லியும் சோதனைக்கு உள்ளாயிற்று. ஸ்கர்வியில் வென்றது, ஆஸ்துமாவில் இன்னும் வெல்லவில்லை. இதனால் நெல்லிக்கு இழுக்கொன்றும் இல்லை. அது செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்றிவிட்டு, செய்யும் மருந்தை வீட்டில் விட்டு வருகிறோமே, பிழை அங்கேதான் இருக்கிறது.

மறு ஆண்டு அப்பா மீண்டும் படி ஏறினார். மாதக்கணக்கில் காலையும் மாலையும் தவறாமல் இன்ஹேலர் எடுத்திருந்தார். மெதுவாக, பாட்டு நின்ற படிகளிலெல்லாம் தாமும் நின்று, மேலே வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் இன்ஹேலர் இருந்தது. கையில் ஒரு நெல்லிக்காயும் இருந்தது. தொண்டை வறளாமலிருக்க, என்றார்.