கல்லில் இருந்து வன்தட்டு வரை: சிவகாசி சொல்லும் நகலெடுப்பின் கதை

ஒவ்வொரு ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். முருகன், லட்சுமி, இயற்கைக் காட்சி, குழந்தை என்று நூற்றுக்கணக்கான படங்கள். தமிழ்நாட்டு மளிகைக் கடைகளும் நகைக் கடைகளும் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கின்றன. அந்தப் படங்களும், தினசரித் தாளில் உள்ள ராகு காலம், எமகண்டம், சுப முகூர்த்தம் எல்லாமும் இன்று கணினிக் கோப்புகள். கணினி பழையதானால் அந்தக் கோப்புகளைப் புது வன்தட்டுக்கு மாற்ற வேண்டும்.

இது ஏதோ கணினி வந்த பிறகு முளைத்த வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது மிகப் பழைய வேலை. பொருள் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கல்லில் வரைந்து, கல்லிலேயே அழித்த காலம்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த கரிசல் பூமிக்கு அது பொருத்தமான தொழிலாக அமைந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னர் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். இந்தத் தேவைதான் அச்சகங்களை ஊருக்குள் கொண்டுவந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தன.

அந்தக் கால வண்ண அச்சுக்கு அடிப்படை லித்தோ முறை. 1796 வாக்கில் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் தத்துவம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடம் வலமாக மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்.

லேபிள் சிறியது, கல் பெரியது. அதனால் மூலப்படத்தை ஒரு சிறப்புத் தாளில் அச்செடுத்து, பெரிய கல்லில் பல இடங்களில் ஒற்றி எடுப்பார்கள். ஒரே தடவையில் பல லேபிள்கள் அச்சாகும். இதுவும் ஒரு நகலெடுப்புதான். ஒற்றும்போது தாள் சற்று நகர்ந்தால் கோடு தடித்துவிடும். நகலில் இருந்து நகல் எடுத்தால் இன்னும் மோசம்.

வேலை முடிந்ததும் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கல்லை வைத்துத் தேய்ப்பார்கள். பழைய படம் முழுவதும் போய்விடும். கல் அடுத்த படத்துக்குத் தயார். கல் விலை அதிகம், ஆகவே அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உலகின் பல லித்தோ அச்சகங்களின் ஆரம்பகாலப் படங்கள் இப்படித்தான் மறைந்தன. எஞ்சியவை அச்சான தாள்கள் மட்டுமே. லேபிளைத் தேடிச் சேர்த்த ரசிகர்களிடம்தான் அவை பிழைத்திருக்கின்றன.

ஏட்டில் இருந்து ஏட்டுக்கு

லித்தோ கல்லுக்கு முன்பே தமிழர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரியும். பனை ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது அபூர்வம். செல் அரிக்கும், ஓரம் ஒடியும். ஆகவே ஒவ்வொரு சில தலைமுறைக்கும் யாராவது பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியாக வேண்டும். சங்க இலக்கியம் இன்று கையில் இருப்பது இந்தத் தொடர் அறுபடாததால்தான்.

இதிலும் பிழைகள் வந்தன. ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடு தெரியாது. எழுதுபவர் தவறாகப் படித்தால், அடுத்து வருபவர் அந்தத் தவறையே உண்மை என்று எழுதுவார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது பல ஊர்களில் இருந்து பிரதிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தது இதனால்தான். ஒரு பிரதியில் போனது இன்னொன்றில் இருந்தது.

ஏடு தேடி அவர் விருதுநகர் மாவட்ட எல்லைக்கு மிக அருகிலும் வந்திருக்கிறார். ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவில் பக்கம் உள்ள ஊர் கரிவலம்வந்தநல்லூர். பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுத் தொகுதி அங்குள்ள கோயிலில் இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போனார். போய்ச் சேர்ந்தபோது ஏடுகள் இல்லை. பழுதுபட்ட ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நெல்லைச் சீமையில் ஆடிப்பெருக்கு அன்று ஏடுகளைத் தேர் போலக் கட்டி வாய்க்காலில் விட்ட கதையையும் அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அப்படிச் செய்தவர்களுக்கு ஏட்டின் மேல் வெறுப்பு இல்லை, மரியாதைதான் இருந்தது. பழையதற்கு முறைப்படி விடை கொடுத்தார்கள். புதியது கையில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் தவறிவிட்டார்கள்.

ஒரு டன் எடையில் ஐந்து மில்லியன் எழுத்து

முதல் வன்தட்டை 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. ஒரு டன்னுக்கு மேல் எடை. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். இவ்வளவு பெரிய எந்திரத்தில் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். 1980இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்கு ஏற்ற சிறிய வன்தட்டைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 5 மெகாபைட். இன்று ஒரு காலண்டர் படத்தின் அச்சுக்கோப்பு ஒன்றே அதில் அடங்காது.

அச்சகங்களில் டி.டி.பி. வந்த பிறகு கோப்புகள் பிளாப்பியில் போயின. பிறகு சி.டி., அதன் பிறகு டி.வி.டி., பென் டிரைவ். வன்தட்டின் இணைப்பும் மாறியது. அகலமான ரிப்பன் கேபிள் கொண்ட ஐ.டி.இ. இருந்த இடத்தில் 2003க்குப் பிறகு சாட்டா வந்தது. இன்றைய தாய்ப்பலகைகளில் ஐ.டி.இ. சாக்கெட்டே கிடையாது. தட்டு நன்றாகச் சுற்றினாலும், செருக இடம் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. யு.எஸ்.பி. மாற்றி கிடைக்கும்போதே பழைய தட்டுகளைப் படித்து எடுத்துவிடுவது நல்லது.

கோப்பு வந்தது, எழுத்து வரவில்லை

தமிழுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை வேண்டும். பழைய முறையில் மொத்தம் 256 இடங்கள். ஆங்கிலம் பாதியை எடுத்துக்கொண்டால், மீதியில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்காது. ஆகவே எழுத்துகளைத் துண்டுகளாக உடைத்து, கொம்பு தனி, கால் தனி என்று வைத்தார்கள். ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்ததுதான் வினை. ஒரு எழுத்துருவில் அடித்ததை வேறொன்றில் திறந்தால் குழப்பமான குறிகள்தான் தெரியும்.

இதைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. இணையத் தமிழர்கள் கூடி திஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். தமிழக அரசு 1999இல் டாம், டாப் தரங்களை அறிவித்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தாலும், அது பரவலாகப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல்தான் தமிழக அரசு ஒருங்குறியையும், அச்சு வேலைக்காக டேஸ் 16 என்பதையும் தரமாக ஏற்றது.

இந்த மாற்றம் கோப்பை இழுத்துப் போடுவது போல எளிதல்ல. 'கெ' என்பதைத் திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, அடுத்து க என்று வைப்பார்கள். ஒருங்குறியில் முதலில் க, பிறகுதான் கொம்பு. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டையும் பிடித்து ஒன்றாக்க வேண்டும். 1998 பொங்கல் அன்று கல்யாணசுந்தரம் முதலிய தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தப் பாதை முழுவதையும் கடந்தது. முதலில் அன்றைய எழுத்துருக்கள், பிறகு திஸ்கி, பிறகு ஒருங்குறி. ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்த நூல்களை மீண்டும் மாற்றினார்கள். அதனால்தான் அவை இன்று கைப்பேசியிலும் திறக்கின்றன. அப்படி மாற்றாத எத்தனையோ பேஜ்மேக்கர் கோப்புகள் சி.டி.க்களில் ஊமையாகக் கிடக்கின்றன. கோப்பு இருக்கிறது, எழுத்துரு தொலைந்துவிட்டது.

ஆகவே கோப்பை மாற்றும்போது அதற்குரிய எழுத்துருவையும் சேர்த்து எடுக்க வேண்டும். முடிந்தால் ஒருங்குறியில் ஒரு பிரதியும் வைக்க வேண்டும்.

வெட்டுவதா, நகலெடுப்பதா

ஒரே தட்டுக்குள் ஒரு கோப்பை இடம் மாற்றினால், கோப்பு நகர்வதே இல்லை. முகவரி மட்டும் மாறுகிறது. வேறு தட்டுக்கு மாற்றும்போது கணினி முதலில் நகல் எடுத்து, பிறகு மூலத்தை அழிக்கிறது. ஆகவே 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்வதே பாதுகாப்பு. கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட வேண்டும். சிலவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய தட்டை அழிப்பது கடைசி வேலை.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதும் ஆபத்து. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து சாம்பலாயின. இந்தப் பாடத்தைப் பட்டாசு ஊருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பட்டாசு ஆலைகளில் மருந்து வேலை ஒரே கட்டடத்தில் நடக்கக் கூடாது. சிறு சிறு அறைகள், அறைக்கு அறை இடைவெளி, அறைக்குச் சில ஆட்கள் என்பது விதி. ஒன்று தீப்பிடித்தாலும் மற்றவை தப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த விதி மீறப்பட்டபோதெல்லாம் இந்த வட்டாரம் உயிர்களைக் கொடுத்திருக்கிறது.

கோப்புகளுக்கும் அதே விதிதான். ஒரு பிரதி அச்சகத்தில் இருந்தால் இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். அடுத்த ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வரும்போது, போன ஆண்டின் ஆல்பம் இரண்டு இடங்களில் திறக்கும்படி இருந்தால் போதும்.