முதல் இதழே 18-ஆம் இதழ்

முதலில் ஒரு திருத்தம். மூன்று வருடம் முன்னால் அமெரிக்காவின் ஈ.சி. காமிக்ஸ் பற்றி எழுதிய குறிப்பில், 'டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்' போர்க்கதைப் பத்திரிகையின் முதல் பதினேழு இதழ்கள் எனக்கு எங்குமே கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். நிஜமாகவே இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது. அப்படி இதழ்களே கிடையாது. 1950 கடைசியில் வந்த அதன் முதல் இதழிலேயே 18 என்றுதான் எண் போட்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது என் ஆராய்ச்சித் திறமையால் அல்ல. சேகரித்த தகவல்களை எக்செலில் இருந்து ஒரு டேட்டாபேஸுக்கு மாற்றினேன். தொழில் புத்தி: பத்திரிகைப் பெயரும் இதழ் எண்ணும் சேர்ந்தால் பிரைமரி கீ ஆச்சு, இரண்டு இதழுக்கு ஒரே பெயரும் ஒரே எண்ணும் இருக்க முடியாதே என்று வைத்துவிட்டேன். 'வியர்ட் ஃபேண்டஸி' 13-இல் எரர் அடித்தது, ஏற்கெனவே இருக்கிறது என்று. தட்டச்சுத் தவறு என்று நினைத்து அட்டைகளை எடுத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. ஒன்று 1950, இன்னொன்று 1952. 14, 15, 16, 17 எல்லாமே இரட்டை.

காரணம் தபால் ஆபீஸ்.

அமெரிக்காவில் பத்திரிகைகளுக்கு இரண்டாம் வகுப்பு அஞ்சல் என்று ஒரு சலுகைக் கட்டணம் இருந்தது. அதற்கு ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனிக் கட்டணம். (பழைய காமிக்ஸ்களின் நடுவில் படமே இல்லாமல் இரண்டு பக்கம் சொத்தையாக ஒரு கதை இருக்குமே, அதுவும் இந்தச் சலுகைக்காகத்தான். அதை யாராவது படித்திருப்பார்களா என்பது எனக்கு நீண்டநாள் சந்தேகம்.) புதுப் பத்திரிகை என்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி பணம். பழைய பத்திரிகை பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது என்று காட்டினால் அந்தச் செலவு இல்லை. அதனால் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ், விற்காத பத்திரிகையை மூடாமல் அதன் எண் வரிசையிலேயே வேறொன்றை ஏற்றிவிடுவார்.

'வியர்ட் ஃபேண்டஸி'யின் பூர்வீகத்தைப் பாருங்கள். 1947-இல் 'மூன் கேர்ள் அண்ட் தி பிரின்ஸ்' என்ற சாகச நாயகி கதையாக 1. அடுத்து 'மூன் கேர்ள்' என்று 2 முதல் 6. குற்றக்கதை சூடுபிடித்ததும் 'மூன் கேர்ள் ஃபைட்ஸ் கிரைம்' 7, 8. காதல் கதைக்கு மவுசு வந்ததும் 'எ மூன், எ கேர்ள்... ரொமான்ஸ்' 9 முதல் 12. பதிமூன்றாவது மாற்றுக் கிரகத்து விஞ்ஞானக் கதை! சந்தாதாரர் யாராவது இருந்திருந்தால் அவர் பாவம்.

இந்த வித்தையைத் தபால் துறை விடவில்லை. 17 வரை போனபின், இது புதுப் பத்திரிகைதான், ஒழுங்காக எண் போடு என்றது. 13 முதல் 17 வரை ஐந்து இதழ் வந்திருக்கிறது, ஆகவே அடுத்தது 6. அங்கிருந்து 22 வரை போனதால், வழியில் 13 முதல் 17 வரை இரண்டாம் தடவை வந்தன. 'வியர்ட் சயின்ஸ்', 'ஹாண்ட் ஆஃப் ஃபியர்' இரண்டுக்கும் இதே கதி.

நான் தேடிய பதினேழும் இப்படித்தான் கரைந்தன. 'ஃபேட் அண்ட் ஸ்லாட்' என்ற நகைச்சுவைப் பத்திரிகை நான்கு, 'கன்ஃபைட்டர்' கௌபாய் கதைகள் பத்து, 'ஹாண்ட் ஆஃப் ஃபியர்' பேய்க்கதைகள் மூன்று. கூட்டினால் 17. அதன்பின் பேய் 4-க்குத் திரும்ப, போர்க்கதை 18-ஐ எடுத்துக்கொண்டது. தேடிய இதழ்களில் சில என்னிடம் வேறு பெயரில் ஏற்கெனவே இருந்தன. இரண்டு மாதம்!

அந்தக் காலத்துப் பெட்டிக்கடை வியாபாரத்தில் பெரிய எண்ணுக்கு மரியாதை உண்டு. நூறு இதழ் ஓடியிருக்கிறது என்றால் ஏதோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். 1949-இல் 104-ஆம் இதழோடு நின்ற 'ஃப்ளாஷ் காமிக்ஸ்', பத்து வருடம் கழித்து வேறு ஆள், வேறு உடையோடு 'தி ஃப்ளாஷ்' என்று வந்தபோது 105 என்றுதான் தொடங்கியது.

மார்வலில் 1968-இல் நடந்தது ஒரு பாகப்பிரிவினை. அதுவரை அவர்களுக்கு விநியோகம் செய்தது போட்டிக் கம்பெனியான டி.சி.யின் குடும்ப நிறுவனம். மாதத்துக்கு இத்தனை தலைப்புதான் என்று கட்டுப்பாடு. அதனால் ஒரே புத்தகத்தில் இரண்டு நாயகர்கள் ஒண்டுக்குடித்தனம். கட்டுப்பாடு தளர்ந்ததும் பிரிந்தார்கள். 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 99-இல் முடிய, கேப்டன் அமெரிக்காவுக்குப் பழைய வீடு, அதாவது 100. அயர்ன் மேனுக்குப் புது வீடு, 1. 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' 101-இல் முடிய, ஹல்க்குக்கு 102, சப்-மரைனருக்கு 1.

எழுபதுகளில் காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் வந்தபின் கதை தலைகீழ். அங்கே வருபவன் சேகரிப்பவன். அவனுக்கு நம்பர் 1 என்றால் நாளைக்கு விலை ஏறும் சொத்து. 1991-இல் 'எக்ஸ்-மென்' புது வரிசையின் முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு வந்து எண்பது லட்சம் பிரதிக்கு மேல் போனது. இத்தனை இருக்கும் ஒன்று எப்படி விலை ஏறும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பதிப்பாளர்கள் மட்டும் பாடம் படித்துக்கொண்டார்கள். 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 441-இல் நின்று 1999-இல் மறுபடி 1 ஆனது.

ஆனால் 500 போன்ற எண்ணையும் விட மனசு வருமா? புது வரிசை 58 வரை ஓடியதும் 441-ஐயும் 58-ஐயும் கூட்டினார்கள், 499. அடுத்த இதழில் 500. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 416, 13, 70 என்று மூன்று வரிசை. கூட்டிப் பாருங்கள், அதுவும் 499!

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு டி.சி.யுடையது. 2011-இல் 904-இல் இருந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' உட்பட 52 பத்திரிகைகளை 1-இல் தொடங்கினார்கள். ஐந்து வருடம் கழித்து, புது வரிசையின் 52-ஐச் சேர்த்து 957 என்று பழைய எண்ணுக்கே திரும்பினார்கள். இடையில் 0 என்று ஓர் இதழும், 23.1 முதல் 23.4 வரை நான்கு இதழ்களும் வந்திருந்தன. அந்த ஐந்தும் கணக்கில் இல்லை. 2018-இல், சூப்பர்மேனுக்கு எண்பது வயதான வருடத்தில், 1000-ஆம் இதழ் வந்தது. அச்சான இதழ்களை ஒன்றுவிடாமல் எண்ணினால் அது ஆயிரமாவது அல்ல. ஒரு வருடம் மூத்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 1000-ஐத் தொட்டது 2019-இல்தான், ஏனென்றால் இளையவன் 1988-89-இல் கொஞ்ச காலம் வாரப் பத்திரிகையாக 42 இதழ் ஓடி முந்திக்கொண்டான்.

டேபிளை மாற்றிவிட்டேன். எண் இப்போது வெறும் டெக்ஸ்ட், அதுவும் 23.1 வருவதால். கீ வேறு. வரிசைப்படுத்துவது அட்டை மாதத்தை வைத்து. போர்க்கதைப் பக்கத்தில் 'தேட வேண்டியவை' என்று சிவப்பில் இருந்த பதினேழு வரிகளையும் அழித்தாயிற்று. ஹல்க் மட்டும் பாக்கி. அவன் சொந்தப் புத்தகம் 1963-இல் 6-ஆம் இதழோடு நின்று, 1968-இல் 102 என்று திரும்பியது. நடுவே 95 வரி காலி.