தன்னூரிலிருந்து கமாடோ வரை: ஒரு மண் அடுப்பின் பயணம்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாள்களில், அயல்நாடுகளில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு வினா தவறாமல் எழுகிறது. முட்டை வடிவில், பளபளக்கும் பச்சை அல்லது சிவப்பு நிறத்தில், கடை வாசலில் கம்பீரமாக நிற்கும் அந்தச் செராமிக் கரி அடுப்பை வாங்கலாமா? பெயர்பெற்ற நிறுவனத்தின் பெரிய அளவு அடுப்பென்றால் அமெரிக்காவில் விலை ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். குர்பானிக்கு ஆடு வாங்கும் செலவைவிட அதைச் சுடும் அடுப்பின் செலவு மிகுந்துவிடுமானால், குடும்பத் தலைவர்கள் தயங்குவது இயல்பே. விளம்பரங்கள் இதற்குத் தரும் விடை நாம் அறிந்ததுதான். இந்த அடுப்பு எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தால் இன்னும் நேர்மையான விடை கிடைக்கும்.

திருக்குர்ஆனில் நூஹ் நபி (அலை) அவர்களின் காலத்து வெள்ளத்தைக் கூறும் ஹூது அத்தியாயத்திலும், அல் முஃமினூன் அத்தியாயத்திலும் ‘தன்னூர்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. தமிழில் அதை ‘அடுப்பு’ என்று பெயர்த்திருக்கிறார்கள். விரிவுரையாளர்களுள் சிலர் அங்கே பூமியின் மேற்பரப்பு என்றும் பொருள் கொண்டனர். ஆயினும் அச்சொல்லின் வழக்குப் பொருள் ரொட்டி சுடும் மண் அடுப்பே. அது அரபியருக்கு முன்பே பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காதிய மொழியில் ‘தினூரு’ என வழங்கியது. பாரசீகத்தில் ‘தனூர்’ ஆகி, நம் உணவகப் பலகைகளில் ‘தந்தூரி’ என்று எழுதப்படும் சொல்லும் அதன் வழி வந்ததுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதன் நுட்பம் மாறவில்லை. தடித்த மண்சுவர் நெருப்பின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தழல் தணிந்த பின்னும் அதைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தருகிறது. ஏமனின் ஹளரமவ்த் பகுதியில் மந்தி சமைப்போர், தரையில் புதைத்த தன்னூருக்குள் சோற்றையும் அதன் மேல் இறைச்சியையும் வைத்து, வாயை மூடி, காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். இந்த மூடிதான் நம் வினாவுக்குத் திறவுகோல் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

செராமிக் அடுப்பு நேரடியாக இந்த மரபில் வந்தது அன்று. அது ஜப்பானின் ‘கமாடோ’ என்னும் மண் அடுப்பின் வாரிசு. கமாடோ ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. சோறு வேகவைப்பதற்கென்றே அங்கு உருவான ஒரு வகை, ‘முஷிகமாடோ’. வட்டமான மண்கூடு, கனத்த மூடி, அடியில் காற்றுப் புகும் துளை, மேலே புகை போகும் துளை ஆகியவை அதன் உறுப்புகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இதைக் கண்டு, இறைச்சி சுட ஏற்றதென்று ஊருக்கு எடுத்துச் சென்றனர். காலம் செய்யும் விளையாட்டைப் பாருங்கள்: 1955-இல் தோஷிபா நிறுவனம் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், ஜப்பானியச் சமையலறைகளிலிருந்து கமாடோ மெல்ல விடைபெறத் தொடங்கியது. சொந்த ஊரில் சோற்றுக்குத் தேவைப்படாமல் போன அடுப்பு, அயலூரில் இறைச்சிக்குத் தேவைப்பட்டது.

1974-இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டா நகரில் கடை திறந்து இவற்றை விற்றார். அந்தப் பழைய மண் அடுப்புகள் சில ஆண்டுகளிலேயே வெடித்துப் பிளந்தன. ஆகவே அவர் உறுதியான செராமிக்குக்கு மாறினார். ‘பிக் கிரீன் எக்’ என்னும் பச்சை முட்டை இவ்வாறு பிறந்தது. விண்வெளி நுட்பத்தால் ஆனதென்று விளம்பரங்கள் பெருமை பேசும். நமக்கு அது முக்கியமில்லை. பழைய மண்ணின் குறையை நீக்கியது என்பதே போதும்.

இதன் உண்மையான ஆற்றல் எதில் இருக்கிறது? காற்றைக் கட்டுப்படுத்துவதில். மேல், கீழ்த் துளைகளைச் சிறிதளவே திறந்துவைத்தால் கரி மெல்லக் கனன்று, 110 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் நிற்கும். காற்றோட்டம் குறைவாக இருப்பதால் இறைச்சியின் ஈரம் வற்றாது. கரியும் சிக்கனமாகச் செலவாகும். அறுத்த சில மணி நேரத்தில் சமைக்கப்படும் குர்பானி இறைச்சி விறைப்பாக இருக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவார்கள். ஆட்டுத் தொடையை ஒரு நாள் குளிரில் வைத்து, பின்னர் இவ்வெப்பத்தில் பொறுமையாக வேகவிட்டால் அதன் நார்த்தன்மை கரைந்து எலும்பிலிருந்து தானே கழன்றுவிடும். துளைகளை அகலத் திறந்தாலோ 300 பாகையையும் தாண்டும். நான் ரொட்டிக்கு அது போதுமானது.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் வெளியில் அடுப்பு மூட்டுவது தொடைக்கறிக்காகவா? சீக் கபாபும் கோழித் துண்டுகளும், மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்களில் சாத்தேயும்தான். கம்பியில் கோத்த சிறு துண்டுகளுக்கு வேண்டியது திறந்த, நீண்ட, குறுகிய தகரத் தொட்டியும் கைவிசிறியும்தான். அவை தணலுக்கு மிக அருகே, பத்து நிமிடங்களில் வெந்துவிடும். செராமிக்கின் சிறப்பான மூடிக்கு அங்கே வேலையே இல்லை. மேலும் வட்டமான கம்பித்தட்டில் நாற்பது கம்பிகளை அடுக்க முடியாது. மூடி வேண்டும் என்போருக்கும் மலிவான வழி உண்டு. 1952-இல் சிகாகோவில், வெபர் உலோக ஆலையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீஃபன், கடல் மிதவையின் கோளத்தை இரண்டாக வெட்டிச் செய்த கெட்டில் அடுப்பு இன்றும் கிடைக்கிறது. வெப்பத்தை அவ்வளவு நேரம் தாங்காது என்றாலும், விலை சில நூறு டாலருக்குள் அடங்கும். ஒருவரே தூக்கி வைத்துவிடலாம். பெரிய செராமிக் அடுப்பு எழுபது கிலோவுக்கு மேல் எடை கொண்டது. கீழே விழுந்தால் உடையும். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறும் இளங்குடும்பத்துக்கு அது சுமையே. ஆயுள்கால உத்தரவாதமும் பொதுவாக முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும் என்பதால், பழையதை வாங்குவோர் உட்சுவரில் விரிசல் உள்ளதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் கருத்து இதுதான். சொந்த வீடும் முற்றமும் உள்ளவர்கள், மாதத்தில் இரண்டு மூன்று முறையேனும் முழுத் தொடை, முழுக் கோழி, ரொட்டி என்று சமைப்பவர்கள் வாங்கலாம். பல ஆண்டுகள் உழைக்கும். இரண்டு பெருநாள்களுக்கு மட்டும் என்றால் அது வீண்விரயத்தின் எல்லையைத் தொடுகிறது. அந்தப் பணத்தில் ஒரு தொட்டியடுப்பும், ஏழைக் குடும்பத்துக்கு மற்றொரு பங்கு இறைச்சியும் வாங்கிவிடலாம். நான்கைந்து குடும்பங்கள் கூடிப் பொதுவாக வாங்குவதும் நன்று. பஞ்சாபின் சிற்றூர்களில் தெருவுக்கு ஒரு பொதுத் தந்தூர் இருந்த வழக்கம் அப்படிப்பட்டதே.

வாங்குவோர் கரியிலும் கவனம் வைக்க வேண்டும். ஹென்றி ஃபோர்டு 1920-களில் தம் கார் ஆலையின் மரக்கழிவிலிருந்து செய்து பரப்பிய அச்சுக்கரி இந்த அடுப்புக்கு உகந்ததன்று; அதன் மிகுந்த சாம்பல் கீழ்த்துளையை அடைத்துவிடும். கட்டிக்கரியே வேண்டும். இராமநாதபுரம் பகுதியில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுக்கிறார்களே, அந்த வகை. அடைத்த மாடத்திலோ கார் கொட்டகையிலோ மூட்டவே கூடாது. கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைப் பறிக்கும். நெடுநேரம் அடைத்திருந்த மூடியைச் சட்டெனத் திறந்தால், உள்ளே காற்று பாய்ந்து தீ முகத்தில் சீறும். முதலில் இரண்டு விரல் அளவு தூக்கி, சற்றுப் பொறுத்து, பிறகே முழுதும் திறக்க வேண்டும். அப்போது பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது.