மாட்டு பபேசியா நோய்

மாட்டு பபேசியா நோய் என்பது பபேசியா பேரினத்தைச் சேர்ந்த ஓரணு ஒட்டுண்ணிகள் மாடுகளின் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகுவதால் உண்டாகும் நோய் ஆகும். இது உண்ணிகளால் பரவுகிறது. வெப்ப நாடுகளில் பபேசியா போவிஸ், பபேசியா பைஜெமினா ஆகிய இரு இனங்களே பெரும் இழப்பை ஏற்படுத்துகின்றன. கடுங்காய்ச்சல், இரத்தசோகை, செந்நிறச் சிறுநீர் ஆகியன முதன்மையான அறிகுறிகள்.

வரலாறு

ருமேனியாவில் இறந்த மாடுகளின் இரத்தத்தில் இவ்வொட்டுண்ணியை 1888 இல் விக்டர் பாபேஸ் கண்டறிந்தார். பேரினத்தின் பெயர் அவரைக் குறிப்பதே. அமெரிக்காவில் இது டெக்சாஸ் காய்ச்சல் எனப்பட்டது. தெற்கிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் நலமாக இருக்க, அவை கடந்த வழியில் மேய்ந்த வடபகுதி மாடுகள் மடிந்தன. தியோபால்ட் ஸ்மித்தும் எஃப். எல். கில்போர்னும் உண்ணிகளை நீக்கிய தென்பகுதி மாடுகளுடன் வடபகுதி மாடுகளை மேயவிட்டபோது நோய் வரவில்லை. உண்ணிகளை மட்டும் புல்வெளியில் இட்டபோது வந்தது. அவர்களின் முடிவு 1893 இல் வெளியானது. மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் காட்டியது இதற்கு நான்கு ஆண்டுகள் பின்னரே.

நோயெதிர்ப்பு

தென்பகுதி மாடுகள் நலமாக இருந்ததன் காரணம் கன்றுப் பருவத்தில் உள்ளது. பிறந்து சில வாரங்கள் சீம்பாலில் பெற்ற எதிர்ப்பொருள்களும், அதன்பின் ஏறத்தாழ ஒன்பது மாதம் வரை இயல்பான எதிர்ப்புத் திறனும் கன்றைக் காக்கின்றன. இக்காலத்தில் உண்ணி கடித்தால் பெரும்பாலும் நோய் வெளிப்படாது. நெடுநாள் நீடிக்கும் எதிர்ப்பு மட்டும் உருவாகும். முதன்முறையாக வளர்ந்தபின் தொற்றுப் பெறும் மாடே இறக்கும் நிலைக்குச் செல்கிறது. ஆகவே உண்ணிகளை அரைகுறையாகக் குறைப்பது ஆபத்தானது: பல கன்றுகள் தொற்றாமலே வளர்ந்து, பின்னாளில் நோய்க்கு இரையாகின்றன. ஐரோப்பிய இனங்களைவிட செபு இன மாடுகள் இந்நோயை நன்கு தாங்குகின்றன.

நோயறிதல்

ஜீம்சா சாயமிட்ட இரத்தப் பூச்சில், சிவப்பணுவினுள் இணையாக அமைந்த பேரிக்காய் வடிவ ஒட்டுண்ணிகளைக் காணலாம். பபேசியா போவிஸ் புகுந்த அணுக்கள் மூளை முதலிய உறுப்புகளின் நுண்குழாய்களில் தங்கிவிடுவதால், கழுத்துச் சிரையில் எடுத்த இரத்தத்தில் ஒட்டுண்ணி தென்படாமல் போகக்கூடும். அதனால் வால் நுனி அல்லது காது நுனி இரத்தமே சிறந்தது. குணமடைந்தும் ஒட்டுண்ணியைச் சுமக்கும் மாடுகளில் நுண்ணோக்கி பெரும்பாலும் பயன்படுவதில்லை, பி.சி.ஆர். அல்லது எதிர்ப்பொருள் சோதனை தேவை.

கட்டுப்பாடு

டைமினசீன், இமிடோகார்ப் ஆகிய மருந்துகள் தொடக்கத்திலேயே கொடுத்தால் பலன் தரும். ஆஸ்திரேலியாவில் மண்ணீரல் நீக்கிய கன்றுகளில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள ஒட்டுண்ணிகள் தடுப்பூசியாகப் பயன்படுகின்றன. இதைக் கன்றுகளுக்கே இடுவது பாதுகாப்பானது.

அமெரிக்கா உண்ணியையே ஒழிக்கும் வழியைத் தேர்ந்தது. 1906 இல் தொடங்கிய அத்திட்டம், மாடுகளை உண்ணிக்கொல்லி மருந்துத் தொட்டிகளில் முக்கி எடுத்து, 1943 இல் பெருமளவு நிறைவேறியது. மெக்சிகோவை ஒட்டிய ரியோ கிராண்டே ஆற்றோரத்தில் மட்டும் தடுப்பு மண்டலம் இன்றும் தொடர்கிறது. அங்கு மான்களும், இந்தியாவைத் தாயகமாகக் கொண்டு டெக்சாஸில் பெருகிவிட்ட நீல்காய்களும் உண்ணிகளைச் சுமந்து திரிகின்றன. அவற்றைத் தொட்டியில் இறக்க முடிவதில்லை.