கோல்றிட்ஜ் ரெயிலரும் பதினைந்து கினியும்

ஐரோப்பியச் சாஸ்திரீய இசையின் வரலாற்றை உரைப்போர் பாக், மோசாட், பீத்தோவன் என்னும் பெயர்களை நிரற்படுத்திச் செல்வது மரபு. அந்நிரலின் ஓரத்தில் ஆபிரிக்க வழித்தோன்றல்களாகிய சிலரும் நின்றனர் என்பதும், அவர்தம் கைவண்ணம் அவ்விசையின் நடுக்கூடத்திலேயே ஒலித்தது என்பதும் பலர் அறியாதன. அவர்கள் வரலாற்றை ஆராயுமிடத்து ஒரு செய்தி மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றது. கலை ஏற்கப்பட்டது, கலைஞனுக்கு உரியது கொடுபடவில்லை.

குவாதலூப்புத் தீவிலே, தோட்ட முதலாளி ஒருவருக்கும் அடிமைப் பெண்ணொருத்திக்கும் 1745 இல் மகனாகப் பிறந்த சென் யோர்ச் பாரிசு நகரின் தலைசிறந்த வயலின் வித்துவானாகத் திகழ்ந்தார். 1776 இல் பாரிசு ஓபராவின் தலைமைப் பதவிக்கு அவர் பெயர் எடுத்துரைக்கப்பட்டபோது, கலப்பினத்தவர் ஒருவரின் ஆணைக்குத் தாம் கீழ்ப்படிய இயலாதென்று பாடகியர் சிலர் அரசிக்கு மனுச் செய்தனர். பதவி கைகூடவில்லை. பிரிட்ஜ்ரவர் என்னும் மற்றொரு வயலின் வித்துவானோடு சேர்ந்து 1803 ஆம் ஆண்டு மே மாதம் வியன்னாவிலே பீத்தோவன் தமது புதிய சொனாற்றாவை அரங்கேற்றினார். முதலில் அது பிரிட்ஜ்ரவருக்கே உரிமையாக்கப்பட்டிருந்தது. பின்னர் இருவர்க்குமிடையே மனத்தாங்கல் நேரவே, உரிமையுரையில் வேறொருவர் பெயர் ஏறிற்று. அதனை ஒருகாலும் அரங்கில் வாசித்ததாக அறியப்படாத குறொய்ற்சரின் பெயராலேயே இன்றும் அந்தச் சொனாற்றா வழங்குகின்றது.

முன்னவர் பதவியை இழந்தார். பின்னவர் பெயரை இழந்தார். இவ்விருவர்க்கும் நூறு ஆண்டு பிற்பட்டு இங்கிலாந்திலே தோன்றிய சாமுவேல் கோல்றிட்ஜ் ரெயிலர் இழந்தது பொருளை என்று சொல்லுதல் வழக்கம். அவ்வழக்கு எத்துணை உண்மை என்பதே ஆராயத்தக்கது.

கோல்றிட்ஜ் ரெயிலர் 1875 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 15 ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தை சியரா லியோனிலிருந்து மருத்துவம் பயில வந்த டானியேல் ரெயிலர். தாய் அலிஸ் மாட்டின் என்னும் ஆங்கிலப் பெண். பெற்றோர் மணம் செய்துகொண்டவரல்லர். தந்தை மேற்காபிரிக்காவுக்கு மீண்டு, பிற்காலத்திலே கம்பியாவில் மரண விசாரணை அதிகாரியாகப் பணி செய்தார். மகனோடு அவர் வாழ்ந்ததில்லை. மகனுக்குத் தாய் இட்ட பெயர், புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் ரெயிலர் கோல்றிட்ஜின் பெயரை ஒட்டியது. குறொய்டன் நகரிலே, குதிரைகளுக்கு இலாடம் கட்டித் தந்து பிழைத்த பாட்டனாரின் இல்லத்திலே பிள்ளை வளர்ந்தான். வயலின் ஒன்றைக் கையிற் கொடுத்து முதற்பாடம் சொல்லிவைத்தவரும் அப்பாட்டனாரே. செல்வமோ குலப்பெருமையோ இல்லாத அவ்வீட்டிலிருந்து 1890 இல், பதினைந்தாவது வயதில், அரச இசைக் கல்லூரி புகும் பேறு கிடைத்ததென்றால், அது தேவாலயப் பாடகர் குழுவிலே அவன் குரலைக் கேட்டு ஆதரித்த கேணல் வோல்ற்றேர்சு என்பாரின் உதவியாலாகும்.

கல்லூரியில் வயலின் பயிலச் சென்றவர் விரைவில் இசையமைப்பிற்கு மாறினார். ஆசிரியர் ஸ்ரான்போட் கடுமைக்குப் பேர்போனவர். ஒருமுறை மாணவனொருவன் நிறத்தைச் சுட்டி இழித்துரைத்ததைச் செவியுற்ற அவர், இகழ்ந்தவனின் உடல் முழுவதிலும் உள்ள இசையினும் இகழப்பட்டவனின் சிறுவிரலில் உள்ள இசை மிகுதி என்னும் கருத்துப்பட ஆறுதல் கூறினாரென்பர். ஆசிரியர்க்கு மாணாக்கன் தகுதி தெரிந்திருந்தது, பிறர்க்கும் தெரியலாயிற்று. 1898 இல் குளொஸ்ரர் நகரத்து இசைவிழாவிற்குப் புதிய படைப்பொன்று தருமாறு எல்கார் வேண்டப்பட்டபோது, தமக்கு ஓய்வில்லையென்றும், கோல்றிட்ஜ் ரெயிலரிடம் கேட்குமாறும் அவர் எழுதினார். அவ்வாறு பிறந்த 'பலாட்' என்னும் வாத்தியக் குழுப் படைப்பு செப்ரெம்பர் மாதத்தில் அரங்கேறிப் பாராட்டுப் பெற்றது.

இரண்டு மாதங் கழித்து, நவம்பர் 11 ஆம் நாள், அரச இசைக் கல்லூரியில் 'ஹயவாதாவின் திருமண விருந்து' ஸ்ரான்போட்டின் தலைமையில் முதன்முறை பாடப்பட்டது. நோயுற்றிருந்த ஆதர் சலிவன் அதனைக் கேட்கவென்றே வந்திருந்தார். அக்கால ஆங்கில இசை வரலாற்றின் மிகச் சிறப்பான நிகழ்ச்சிகளுள் ஒன்றென அம்மாலையைப் பின்னாளிற் குறித்தவர் அக்கல்லூரித் தலைவராக விளங்கிய பரி ஆவார். இயற்றியவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

பாடலின் சொற்கள் அமெரிக்கக் கவிஞர் லோங்பெலோ 1855 இல் வெளியிட்ட காவியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. வட அமெரிக்கத் தொல்குடியினரின் கதைகளை வெள்ளைக் கவிஞர் ஒருவர் தம் கற்பனைக்கேற்பத் தொகுத்த அந்நூலை அக்குடியினரின் குரலாகக் கொள்ளுதல் தவறு. ஆயினும் எதுகையின்றி ஒரே நடையிற் செல்லும் அதன் அடிகள், படிப்போர்க்குச் சலிப்புத் தருவனவாயினும், பாடுவோர்க்கு வாய்ப்பாயமைந்தன. வந்த சொல்லே மீண்டும் வரும் அந்நடையை மறைக்க முயலாது, அதன்மேலேயே சிறுசிறு இசைத்தொடர்களை ஏற்றி, வாத்தியக் குழுவின் வண்ணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு சென்றமை கோல்றிட்ஜ் ரெயிலரின் மதிநுட்பம்.

இப்படைப்பு நாடெங்கும் பரவிய விரைவிற்கு இசைநயம் மட்டும் காரணமன்று. இங்கிலாந்தின் ஒவ்வோர் ஆலை நகரிலும் சுரங்க ஊரிலும் அந்நாளிற் பாடற் சங்கங்கள் இருந்தன. பகலில் உழைத்து இரவிற் கூடிப் பாடிய அம்மக்களுட் பலர் சுரங்களை எழுத்துக்களாற் குறிக்கும் 'சொல்பா' முறையிலேயே இசை கற்றவர்கள். நொவெல்லோ நிறுவனம் அவர்க்கேற்ற மலிவான இசைப்பிரதிகளை அச்சிட்டு விற்றது. திருமண விருந்திலோ தனிப்பாடகர் ஒருவரே வேண்டும். ஏனைய யாவும் கூட்டுப்பாடலே. நால்வர்க்குக் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் ஒருவர்க்குக் கொடுத்தாற் போதும். வறிய சங்கங்கள் இதனை விரும்பியதில் வியப்பில்லை. ஒவ்வொரு பாடகரும் ஒரு பிரதி வாங்கினார். ஒவ்வொரு பிரதியின் இலாபமும் அச்சிட்டவரைச் சேர்ந்தது.

ஏனெனில், கோல்றிட்ஜ் ரெயிலர் அப்படைப்பின் உரிமையை 15 கினிக்கு, அஃதாவது 15 பவுண் 15 சிலிங்குக்கு, முற்றாக விற்றுவிட்டிருந்தார்.

கறுப்பினத்து இளைஞர் ஒருவரை வெள்ளை வணிகர் ஏமாற்றினர் என்று இதனைச் சொல்வோர் உளர். இக்கூற்று இரக்கத்திற் பிறந்தது, ஆராய்ச்சியிற் பிறந்ததன்று. பெயர் பெறாத இசைப்புலவர் எவரும் அக்காலத்தில் உரிமையை ஒரே தொகைக்கு விற்பதே வழக்கம். வெள்ளையரான எல்காரும் தமது 'சலூ டமூர்' என்னும் சிறு படைப்பைச் சொற்பத் தொகைக்கு முற்றாக விற்றவரே. அது உலகெங்கும் வாசிக்கப்பட்டபோது அவர்க்கும் வருவாய் வரவில்லை. அரங்கில் ஒரு படைப்பை நிகழ்த்துந்தோறும் இயற்றியவர்க்குக் கட்டணம் செலுத்துதல் பிரான்சில் வேரூன்றியிருந்தும், ஆங்கில அச்சகத்தார் அதனைத் தம் விற்பனைக்குத் தடையெனக் கருதினர். ஆகவே குற்றம் வணிக முறையினது. எனினும் அம்முறை எல்லாரையும் ஒரேவகையில் வருத்தவில்லை. பொறுத்திருந்து பேரம்பேசக் கைப்பொருள் வேண்டும். பரிந்துரைக்கக் குடும்பம் வேண்டும். இலாடக்காரரின் வீட்டிலிருந்து வந்த, தந்தையை அறியாத இளைஞருக்கு இரண்டும் இல்லை. நிறம் நேரே வந்து பணத்தைப் பறிக்கவில்லை; அது அவரை நிறுத்தியிருந்த இடமே அவ்விற்பனைக்கு வழிகோலிற்று.

1899 இல் இரண்டாம் பகுதியும், 1900 இல் மூன்றாம் பகுதியும் நிறைவெய்தி, முழுத் தொகுதியும் இலண்டன் அல்பேட் மண்டபத்தில் ஒலித்தது. அதே 1900 யூலையில் இலண்டனிற் கூடிய முதலாவது அகில ஆபிரிக்க மாநாட்டில் கோல்றிட்ஜ் ரெயிலரும் கலந்துகொண்டார். அங்கே வந்திருந்தோருள் அமெரிக்க அறிஞர் டு பொயிசும் ஒருவர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சமயப் பாடல்களை உலகெங்கும் பாடிக் காட்டிய பிஸ்க் பாடகர் குழுவின் தலைவர் லௌடினிடமிருந்து அப்பாடல்களின் அருமையை அவர் உணர்ந்தார். அதன் பயனே 1905 இல் பொஸ்ரன் நகரில் வெளிவந்த 'இருபத்து நான்கு நீக்கிரோ மெல்லிசைகள்' என்னும் பியானோத் தொகுதி. அங்கேரிய இசைக்குப் பிராம்சும், பொகீமிய இசைக்கு டுவோர்சாக்கும், நோர்வேயின் இசைக்குக் கிறீக்கும் செய்ததைத் தம் தந்தையர் இசைக்குச் செய்ய முயன்றதாக அதன் முன்னுரையில் அவர் கூறுகின்றார். ஆபிரிக்க மண்ணை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

அவர் பெயர் கடலுக்கு அப்பாலே பெற்ற பொருள் வேறு. இங்கிலாந்திலே ஹயவாதா இன்பமான ஒரு மாலைப்பொழுது. வாசிங்டன் நகரத்துக் கறுப்பினத்தவர்க்கோ அது ஒரு சான்று. தம் இனத்தவர் ஒருவர் ஐரோப்பிய இசையின் உயர்ந்த வடிவத்தைக் கையாண்டுவிட்டார் என்பதை அறிந்து, 1901 இல் அவர்கள் கோல்றிட்ஜ் ரெயிலர் பாடற் சங்கத்தை நிறுவினர். உயிரோடிருந்த இளைஞர் ஒருவர் பெயரால் அது அமைந்தது. 1904 இல் அவரே அங்குச் சென்று, ஏறக்குறைய இருநூறு கறுப்பினப் பாடகரை ஹயவாதா பாடுவித்தார். டுவோர்சாக்குக்கு அடிமைப் பாடல்களைப் பாடிக் காட்டிய பேளி அந்நிகழ்ச்சியில் தனிப்பாடகராயிருந்தார். சனாதிபதி ரூஸ்வெல்ற் வெள்ளை மாளிகையில் அவரை வரவேற்றார். 1906 இலும் 1910 இலும் மீண்டும் சென்றார். நியூயோர்க் வாத்தியக்காரர் அவரை 'ஆபிரிக்க மாலர்' என்றழைத்தனர்.

வெள்ளை மாளிகையில் வரவேற்கப்பட்டவர் குறொய்டன் தெருவில் வேறுவகையாக நடத்தப்பட்டார். சிறுவர் கூட்டம் நிறத்தை இகழ்ந்து கூவும்போது தந்தை தம் கையை முன்னிலும் இறுகப் பற்றிக்கொள்வார் என மகள் பிற்காலத்தில் எழுதியுள்ளார். வருவாய்க்கோ ஓயா உழைப்பே வழியாயிற்று. கல்லூரிகளிற் கற்பித்தல், வெளியூர்ப் போட்டிகளில் நடுவராயிருத்தல், பாடற் சங்கங்களை நடத்துதல், நாடகங்களுக்கு இசையமைத்தல் என நாட்கள் கழிந்தன. ஹயவாதாவிற்குப் பின் எழுதிய எதுவும் அதற்கு நிகரான புகழ் பெறவில்லை. திறம் குன்றியதே காரணமென்பாரும் உளர். ஆற அமர எழுத ஓய்வு வாய்க்கவில்லை என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. இறுதி ஆண்டில் எழுதிய வயலின் கொன்சேட்டோவில் அவர் திறம் குன்றிய அடையாளம் இல்லை.

1912 ஓகஸ்ற் 28 ஆம் நாள் மேற்குக் குறொய்டன் புகையிரத நிலையத்தில் அவர் மயங்கி வீழ்ந்தார். நான்கு நாளில், செப்ரெம்பர் முதலாம் நாள், நிமோனியாக் காய்ச்சலால் உயிர் நீத்தார். வயது முப்பத்தேழு. மனைவி யெசிக்கும் இரு குழந்தைகளுக்கும் சேமித்த பொருள் இல்லை. நாடெங்கும் ஹயவாதா பாடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அதை இயற்றியவரின் குடும்பத்துக்காக அல்பேட் மண்டபத்தில் நிதிக் கச்சேரி நடத்த வேண்டியதாயிற்று. அரசர் ஆண்டுக்கு 100 பவுண் உபகாரச் சம்பளம் அளித்தார். 1914 இல் பிரித்தானியாவில் நிகழ்த்துரிமைச் சங்கம் நிறுவப்பட்டமைக்குத் தூண்டுதலாயிருந்தவற்றுள் இக்குடும்பத்தின் நிலையும் ஒன்றெனக் கூறப்படும். பிறர் பிள்ளைகள் அதனாற் பயன்பெற்றனர்.

1924 முதல் உலகப் போர் மூண்ட 1939 வரை, ஏறக்குறைய ஆண்டுதோறும், ஹயவாதா அல்பேட் மண்டபத்தில் வேடப்புனைவோடு ஆடிப் பாடப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் இறகு சூடி, தொல்குடியினராய் வேடம் பூண்டு திரண்டனர். போருக்குப் பின் அம்மரபு அற்றுப்போயிற்று; பாடற் சங்கங்களும் அருகின; இயற்றியவர் பெயரும் மங்கிற்று. மகள் அவ்ரில் இசையமைப்பாளராகவும் வாத்தியக் குழுத் தலைவராகவும் விளங்கினார். 1952 இல் தென்னாபிரிக்கா சென்ற அவர் முதலில் வெள்ளையராகவே மதிக்கப்பட்டார். பாட்டனார் ஆபிரிக்கர் என்பது வெளிப்பட்டதும் அவர் அங்கே தொழில் செய்யவியலாதவாறு தடுக்கப்பட்டார்.

கோல்றிட்ஜ் ரெயிலர் எழுதிய 'தெல்மா' என்னும் ஓபரா தொலைந்துபோயிற்றென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் கையெழுத்துப் பிரதி பிரித்தானிய நூலகத்திலேயே இருந்தமை பின்னர் கண்டறியப்பட்டது. 2012 பெப்ரவரியில், அவர் மறைந்த நூறாவது ஆண்டில், குறொய்டன் நகரிலேயே அது முதன்முறை மேடையேறிற்று.