தூத்துக்குடித் துறையும் கோவைச் சிறைச் செக்கும்

சென்ற திங்களில் எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கு வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தேன். கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்று அவருக்கு வழங்கும் பட்டங்கள் இரண்டையும் பிள்ளைகள் ஒருகுரலாய்ச் சொன்னார்கள். அப்பொழுது பின்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கப்பல் உட்டதுக்கு எதுக்குங்க செக்கு இழுக்க வெச்சாங்க?” என்று வினவினான். ஆங்கிலேயர் கொடுமை என்று விடை கூறினேன். அவன் அமர்ந்தான், ஆயினும் அவன் முகம் தெளியவில்லை. எனக்கும் என் விடை நிறைவளிக்கவில்லை.

அவ்வினாவிற்கு விடை கோவைச் சிறையில் இல்லை. தூத்துக்குடித் துறையில் இருக்கிறது. கடலில்லாத கொங்கு நாட்டவராகிய நாம் அத்துறையின் வரலாற்றை ஆழ்ந்து அறிந்தோமல்லோம். ஆகலின் அதனைச் சிறிது விரித்துக் கூற விழைகின்றேன்.

பாண்டியரின் பழந்துறை கொற்கை என்பதைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். தண்பொருநை கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போகக் கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. பின்னர்க் காயல் சிறந்தது. அதுவும் அவ்வாறே தூர்ந்தது. அதன் பின்னரே தூத்துக்குடி தலையெடுத்தது. ஊர்ப்பெயர்க்குக் காரணம் பலவாறு கூறுவர். அனுமன் தூது சென்ற வழி என்பார் ஒரு சாரார். நிலத்தைத் தூர்த்துக் குடியேறியமையால் தூர்த்துக்குடி என்பது மருவிற்று என்பார் மற்றொரு சாரார். முன்னிரு துறைகளும் தூர்ந்த செய்தியை நோக்குங்கால் பின்னைய சொல்லில் ஓர் அழகு உண்டு. அழகு சான்றாகாது என்பதையும் யான் மறந்தேனல்லேன்.

இக்கடற்கரையின் முதற்செல்வம் முத்து. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்புளுஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பில், கொற்கையில் முத்துக் குளித்தவர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று காண்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, குளித்தெடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறா முதலிய பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன என்று எழுதினார். இம்மந்திரக்காரர்க்குக் ‘கடற்கட்டி’ என்று பெயர். குளியாட்கள் கிறித்தவராகிய பின்னரும் கடற்கட்டி கரையில் நின்று ஓதினாலன்றிக் கடலில் இறங்கார் என்பது ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புக்களால் தெரிகிறது. ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் ஒரு காலை ஊன்றி, மூச்சடக்கி முத்துப்பாரில் இறங்கிச் சிப்பியைக் கூடையில் வாரி மேலேறுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசாங்கத்திற்கும், ஒரு பங்கு குளித்தவனுக்கும் உரியவாயின. உயிரைக் கொடுத்தவன் ஒருவன். பெரும்பங்கு கொண்டவன் மற்றொருவன். இக்கணக்கினை நினைவில் வைத்துக்கொள்க; ஊரின் வரலாறு முழுதும் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

முத்துக் குளித்தோர் பரதவர். பதினாறாம் நூற்றாண்டில் முகம்மதிய வணிகரோடு பூசல் விளைந்தபோது அவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியர் துணையை நாடினர். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவர் கத்தோலிக்க சமயம் தழுவினர். 1542-இல் சவேரியார் இக்கரைக்கு வந்தார். பின்னர் வந்த அந்திரீக்கு அடிகள் தமிழ் கற்று இயற்றிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்துக்களில் இந்திய மண்ணில் அச்சிட்டு நமக்குக் கிடைத்த முதல் நூல் அது. முத்துக்குளித்துறை மக்களுக்கென்று தோன்றிய அதனால் தமிழுக்கு விளைந்த ஆக்கம் அளவிடற்கரிது. 1658-இல் துறை ஒல்லாந்தர் கைப்பட்டது. 1825-இல் ஆங்கிலேயர்க்கு முடிவாக உரியதாயிற்று. கொடிகள் மாறின. பரதவர் தம் தலைவரைப் பாண்டியபதி என்று அழைத்துத் தம் சமயத்தையும் தொழிலையும் விடாது வாழ்ந்தனர். 1713-இல் எழுந்த பனிமய மாதா பேராலயம் இன்றும் அவர்தம் பெருமைக்குச் சான்றாக நிற்கிறது. முத்துக்குளிப்போ 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

முத்து குறையப் பஞ்சு வந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரினால் ஆங்கில ஆலைகளுக்கு அந்நாட்டுப் பஞ்சு கிட்டாமற்போயிற்று. கரிசற் பஞ்சுக்கு விலை ஏறியது. 1876-இல் இருப்புப்பாதையும் தூத்துக்குடியை அடைந்தது. 1888-இல் ஹார்வி கம்பெனியார் ஆங்கே கோரல் நூற்பாலையை நிறுவினர். நம் கோவையில் ஸ்டேன்ஸ் துரையின் ஆலை தொடங்கியதும் அவ்வாண்டே. ஓராண்டிற் பிறந்த உடன்பிறப்புக்கள் எனலாம். ஆனால் கோவையில் பின்னர் நம்மவரே ஆலைகள் வைத்துத் தழைத்தனர். தூத்துக்குடியில் ஆலையும் ஆங்கிலேயருடையது, கப்பலும் ஆங்கிலேயருடையது என்றிருந்தது. கடல் ஆழமற்றதாகலின் கப்பல்கள் கரைக்குச் சில மைல் அப்பால் நின்றன. சரக்கையும் மக்களையும் அதுவரை ஏற்றிச் சென்றவை தோணிகள். தோணி தமிழருடையது, கப்பலுக்குச் செலுத்தும் கூலி கடல் கடந்து போய்விடும். கொழும்பு செல்லும் வணிகரும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் ஏழை மக்களும் பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பெனி கேட்ட கூலியைத் தந்தே ஆகவேண்டும்.

இதனையே சிதம்பரம் பிள்ளை மாற்ற முனைந்தார். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய்; பங்குகள் 40,000. எளியோரும் வாங்கத்தக்க விலையாக வைத்ததில் அவர் உள்ளம் விளங்குகிறது. சங்கத்தின் தலைவர் யார் எனின், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரே. தமிழ் வளர்த்த கையே கப்பலுக்கும் பொருள் தந்தது என்பதைத் தமிழாசிரியர் பலரும் மாணாக்கர்க்குச் சொல்வதில்லை. முதலில் வாடகைக் கப்பல் விட்டனர். அதனைத் தந்தவர் திரும்பப் பெற்றுக்கொண்டபின், 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் சொந்தக் கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனியார் கூலியை மேன்மேலும் குறைத்தனர். ஈற்றில் பயணியரை இலவசமாக ஏற்றிக் குடையும் தந்தனர் என்பர்.

கப்பலோடு அவர் நின்றிருப்பின் வணிகப் போட்டியாகவே முடிந்திருக்கலாம். 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். ஒன்பது நாட்களில் தொழிலாளர் வென்றனர். அடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 12-ஆம் நாள், பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். சட்டப்படி அவர்மீது சாட்டிய குற்றம் இராசத்துரோகப் பேச்சு. கப்பல் அன்று, வேலைநிறுத்தமும் அன்று. எனினும் நாட்களின் வரிசையை நோக்குவார்க்கு உண்மை புலனாகும். குளியாளும் தோணியாளும் ஆலையாளும் தம் பங்கு என்னவென்று கேட்கத் தொடங்கிவிட்டனர். கேட்கக் கற்றுக்கொடுத்தவரை வெளியில் விட்டுவைக்க ஆட்சியாளர் துணியவில்லை. எம் மாணாக்கனுக்கு யான் கூறியிருக்கவேண்டிய விடை இதுவே.

நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் அது குறைந்தது. 1908 ஜூலை முதல் 1910 இறுதிவரை அவர் நம் கோவைச் சிறையில் இருந்தார். மாட்டுக்குப் பதிலாக மனிதரைச் செக்கில் பூட்டிய கொடுமை நம் ஊரில் நிகழ்ந்தது. பின்பு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். 1912 டிசம்பரில் விடுதலை பெற்றபோது சங்கம் முன்னாண்டே கலைந்து போயிருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. அதன் பின்னரும் சில ஆண்டுகள் கோவையிலேயே வாழ்ந்தார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. வறுமையிலும் அவர் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை வகுத்தார். அந்நூல்களைக் கையிலெடுக்கும்போதெல்லாம் செக்கின் நினைவு வருவதால் யான் வேகமாகப் புரட்டுவதில்லை. 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

இன்றைய தூத்துக்குடி மாநகராட்சி. ஆழ்கடல் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. 2011 முதல் அத்துறைக்கு அவர் பெயர். கொங்கு நாட்டிற்குக் கொச்சியே அண்மைத் துறையாயினும், திருப்பூர்ப் பின்னலாடை பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடி வழியே கடல் கடக்கிறது. உப்பு விளைவில் குசராத்திற்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி அவ்வூர் அளங்களில் விளைவது. பாத்தியில் வெறுங்காலோடு நின்று, வெண்ணிற ஒளியில் கண் கூச உப்பு வாரும் பெண்டிரின் கூலியை நினைப்பின் பழைய முத்துக் கணக்கே மீண்டும் தோன்றுகிறது. தாமிர ஆலையை எதிர்த்தெழுந்த மக்களில் பதின்மூவர் 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதும் அவ்வூரிலேயே. அதன் பின் ஆலை மூடப்பட்டது.

வரும் கோடை விடுமுறையில் மாணாக்கர் சிலரைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். உப்பு விளைவு காண ஏற்ற காலமும் அதுவே. வினாவெழுப்பிய சிறுவன் தன் பெயரை முதலிலேயே எழுதிக்கொடுத்துவிட்டான். உடன்வர விரும்பும் அன்பர்கள் சித்திரைக்கு முன் சங்கத்திற்கு எழுதுவார்களாக.