கோதிக்: வசையாகப் பிறந்த சொல்

புனே பாளையப் பகுதியில் செந்நிறக் கோபுரத்துடன் நிற்கும் ஓஹெல் டேவிட் யூத ஆலயத்தைக் கட்டடக்கலை நூல்கள் 'கோதிக் மறுமலர்ச்சி' என வகைப்படுத்துகின்றன. பிறப்பில் இச்சொல் ஒரு வசை. கி.பி. 410இல் ரோமைச் சூறையாடியவர்கள் கோத்துகள். பாரிசை அடுத்த சேன்-தெனியில் கூர்நுனி வளைவுகள் உருப்பெற்ற 12ஆம் நூற்றாண்டுக்கு வெகு முன்பே அவர்களின் அரசுகள் மறைந்துவிட்டன. ஆயினும் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான வசாரி, அவ்வளைவுகளை இழிவுபடுத்த அவற்றைக் கோத்துகளின் தலையில் கட்டினார். செய்யாத வேலைக்குக் கிடைத்த பழி! 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தோ அதே பாணியைப் பெருமிதத்துடன் மீட்டெடுத்து இந்தியாவிலும் பரப்பியது.

பக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் டேவிட் சசூன் தொடங்கிய இவ்வாலயம், 1864இல் அவர் மறைந்த பின், 1867இல் நிறைவுற்றது. அவருடைய கல்லறையும் அவ்வளாகத்திலேயே உள்ளது. மாதா கோயில் போன்ற தோற்றமுடைய இதனைப் புனே மக்கள் நிறம் பார்த்து 'லால் தேவள்', அதாவது சிவப்புக் கோயில், என்றே அழைக்கின்றனர்.